ஒரே ஒடிப்பில்

ஜனவரி 9

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. ஆறு வருடத்தில் என் கையெழுத்து மாறவில்லை, கவரைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? நான் சுகம். அதாவது இடது கால் சுகம். வலது கால் எங்கே இருக்கிறதோ அங்கே சுகமாக இருக்கட்டும்.

நீ அம்மாவுக்கு மாதம் தவறாமல் எழுதும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். முழுக்க இல்லை, அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிற அளவு. போன மாதக் கடிதத்தில், டிராக்டர் கம்பெனியில் உன்னை ஸ்டீயரிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அண்ணனுக்குப் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயம் ஜீப். அதே ஜீப்தான், நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, டிரைவர் போட்டு ஓட்டுகிறேன். நம் குடியிருப்புக்கு ஆளும் சாமானும் ஏற்றி வர வேறு வண்டி கிடையாது. கடைசிக் கொண்டை ஊசி வளைவில் அது ஒரே ஒடிப்பில் திரும்பாது. உன்னைவிட நன்றாக இது யாருக்குத் தெரியும்? முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், மறுபடி பின்னே வர வேண்டும். பின்னே வரும்போது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இரண்டு சாண். அதனால்தான் பின்னால் ஓர் ஆள் நின்று குரல் கொடுப்பது. எனக்கு நீ நின்றாய். எப்போதும் 'வாங்க, வாங்க, போதும்' என்று அளந்து சொல்கிறவன், அன்றைக்கு 'வா, வா, வா' என்றாய். அண்ணன் என்ற மரியாதைகூட இல்லாமல். நானும் வந்தேன்.

இப்போது அந்த இடத்தில் நின்று வாயைத் திறக்க நான் யாரையும் விடுவதில்லை. டிரைவரே இறங்கிப் பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஏறி, அரை அடி வந்து, மறுபடி இறங்கிப் பார்க்கிறார். கால் மணி நேரம் போகிறது. ஏறி வந்தவர்கள் இறங்கி நின்று என் காதுபடவே என்னைத் திட்டுகிறார்கள்.

ஜீப் ஒரே ஒடிப்பில் திரும்ப வழி சொல். திரும்பிவிட்டால், நீ இங்கே வருவதைப் பற்றி யோசிக்கலாம். போன் பண்ணாதே, உன் குரல் எனக்கு ஆகாது. எழுது.

அம்மா கட்டிலை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போடச் சொன்னாள். பாதை தெரிய வேண்டுமாம்.

இப்படிக்கு,
அண்ணன்.

*

ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பாதம் வீங்கும். இப்போது எப்படி? மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கவரை ஷிப்ட் முடியும் வரை பிரிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். இரண்டு தடவை சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். பரவாயில்லை.

அண்ணா, வண்டி திரும்பும் என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியும். ஆனால் முதலில் அளவு வேண்டும். சமமான தரையில் ஜீப்பை நிறுத்தி, ஸ்டீயரிங்கை வலது பக்கம் முட்டுகிற வரை ஒடித்து, அப்படியே பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு முழு வட்டம் போகச் சொல்லுங்கள். வெளிப்பக்க முன் சக்கரத்தின் தடத்தில் சுண்ணாம்புத் தூள் தூவி, குறுக்கே டேப் பிடித்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்துக்கும் அதே மாதிரி. பிறகு வளைவுக்குப் போய், அங்கே எத்தனை அடி வட்டம் அடங்கும் என்றும் அளக்க வேண்டும். டயர் எது, அகலம் எவ்வளவு என்பதும் தேவை.

நீங்கள் எழுதியதைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். 'வருவதைப் பற்றி' என்று இருக்கிறது. அந்த ஓர் எழுத்தை, 'வா' என்று, என்றைக்காவது நீங்கள் எழுதினால் போதும். அன்றைக்கே கிளம்பிவிடுவேன். அது வரை வீட்டுப் பக்கம் தலை காட்ட மாட்டேன். உங்களுக்குச் சொன்ன சொல்லை மீற மாட்டேன்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி.

*

பிப்ரவரி 6

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலம் என்று தெரிந்துகொண்டேன். ஊரில் எல்லாரும் கேட்டால் சொல்ல வசதி.

பள்ளிக்கூட மைதானத்தில் வட்டம் போட்டோம். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன், டிரைவர் ஓட்ட, அவர் மனைவி பின்னால் தூள் தூவிக்கொண்டே போனாள். குடியிருப்பே வேடிக்கை பார்த்தது. ஒருத்தர் வந்து, "என்ன, வண்டிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றார். "வண்டிக்கு இல்லை" என்றேன்.

இடது பக்கம் 44 அடி. வலது பக்கம் 47. வளைவில் அடங்குவது 37. பத்து அடி. உனக்கு அன்றைக்கு இரண்டு சாண் கண்ணில் படவில்லை, பத்து அடியை எப்படிக் குறைப்பாய் என்று பார்க்கத்தான் ஆசையாக இருக்கிறது. டயர் அகலமான ரகம், பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று போன வருடம் போட்டேன்.

அம்மா ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். "எதுக்குடா வெள்ளையா வட்டம் போடறீங்க?" என்று கேட்டாள். வட்டம் சின்னதானால் சின்னவன் வரலாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவளுக்கு வேறு பேச்சு இல்லை. டிரைவர் வீட்டுக்குள் வந்தால், "எத்தனை அடிப்பா இன்னிக்கு?" என்கிறாள்.

பாதம் வீக்கம் இருக்கத்தான் செய்கிறது. வயதானால் வீங்கும்.

இப்படிக்கு,
அண்ணன்.

*

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி வணக்கம். உங்கள் உடம்பும் அம்மா உடம்பும் தேவலை என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

வலது பக்கம் மூன்று அடி கூடுதல் என்றதுமே விஷயம் பிடிபட்டுவிட்டது. ஸ்டீயரிங் பெட்டிக்குக் கீழே தொங்குகிற இரும்புக் கை இருக்கிறதல்லவா, வண்டியை நிமிர்த்தி வேலை பார்த்தபோது அதை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீயரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணச் சொல்லுங்கள். சரிபாதியில் நிறுத்தி, அந்தக் கையைக் கழற்றி மறுபடி மாட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது டயர். அகல டயரை எடுத்துவிட்டுப் பழைய ஒல்லி டயரையே போடுங்கள். அகல டயர் ஒடிக்கும்போது பட்டை ஸ்பிரிங்கில் உரசும், உரசக் கூடாது என்று முன் அச்சின் இரண்டு முனையிலும் இருக்கும் தடுப்பு போல்ட்டை வெளியே நீட்டி வைத்திருப்பார்கள். சக்கரம் அதில் முட்டி நின்றுவிடும். ஒல்லி டயர் போட்டதும் அந்த போல்ட்டை இரண்டு மரை உள்ளே திருகினால் சக்கரம் இன்னும் ஒடியும். முழுக்க ஒடித்து, டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு விரல் போகிறதா, பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளேயிருந்து கடகடவென்று சத்தம் வந்தால் அரை மரை திருப்பி விடுங்கள். மூன்றாவது மரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? வேலை நடக்கும்போதே நான் வந்து ஒரு மணி நேரம் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். வளைவுக்கு முன்னாலேயே இறங்கி நடந்து வருகிறேன். உங்கள் அறைப் பக்கம் வர மாட்டேன், வாயே திறக்க மாட்டேன்.

அம்மாவின் பாத வீக்கத்துக்கு டாக்டரிடம் காட்டினீர்களா?

அன்புடன்,
தம்பி.

*

மார்ச் 12

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம்.

நீ சொன்ன மூன்று வேலையும் ஆயிற்று. ஒரு பல் தள்ளித்தான் மாட்டியிருந்தது. டிரைவர் உன்னைப் பெரிய மேதாவி என்கிறார். அவர் உன்னை ஒரு நாளும் நேரில் நம்பியதில்லை, அதனால் சொல்லலாம். இப்போது வலது 40½, இடது 40. இன்னும் மூன்றரை அடி. வளைவில் ஒரு தடவை பின்னே வந்தால் போதும் என்று ஆகியிருக்கிறது. ஆனால் ஒரு தடவை பின்னே வருவதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு மணி நேரம் வந்துபோவது பற்றிக் கேட்டிருந்தாய். பேச்சு என்ன பேச்சு? ஒரே ஒடிப்பு. அதற்குப் பிறகு மற்றது.

போன வாரம் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. டாக்டர் வந்து ஊசி போட்டார், இதயம் களைத்துவிட்டது என்றார். அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவன வரச் சொல்லுடா, பாத்துடறேன்" என்றாள். "இன்னும் நாற்பதரை அடிம்மா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. ஆறு வருடமாகக் கேட்கிறேன். வண்டி பின்னே வருகிறது, விளிம்பு தெரிகிறது, நீ நிற்கிறாய். உன் கண் எங்கே இருந்தது? எனக்குப் பேசி வைத்த பெண்ணின் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு வந்து போர்வையைப் பார்த்தார்கள், ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நலம் விசாரித்துவிட்டுப் போனவர்கள்தான். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. உனக்கு ஏன் தெரியவில்லை?

இப்படிக்கு,
அண்ணன்.

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி வணக்கம். அம்மா எப்படி இருக்கிறாள்? இதயம் என்றால் எந்த அளவுக்கு? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாரா? தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் அனுப்புகிறேன். எங்கள் டிராக்டரில் இடது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக் என்று தனித்தனியாக உண்டு. உள்பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தினால், டிராக்டர் அதே சக்கரத்தை அச்சாக வைத்துத் திரும்பிவிடும். அதையே ஜீப்புக்குச் செய்திருக்கிறேன். இரண்டு கைப்பிடி, இரண்டு சின்ன சிலிண்டர், குழாய்கள். ஷிப்ட் முடிந்ததும் ஆறு நாள் உட்கார்ந்து செய்தேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும், படம் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். வளைவுக்குள் நுழைந்ததும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஏறும்போது வலது கைப்பிடியை இழுக்க வேண்டும். மண் பாதை என்பதால் சிரமம் இல்லாமல் சறுக்கித் திரும்பும். மூன்றரை அடி இதில் கண்டிப்பாகக் கிடைக்கும் அண்ணா, நானே இங்கே ஒரு பழைய ஜீப்பில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

கண் எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். கவனம் தப்பிவிட்டது. 'வா' என்றேன், மூன்று தடவை. இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் கால் போனதற்கு நான்தான் காரணம். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

அம்மாவிடம், வட்டம் சின்னதாகிவிட்டது என்று சொல்லுங்கள். இன்னும் ஆகாவிட்டாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி.

*

மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி வணக்கம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. பார்சல் வந்ததா? அங்கே மழையில் பாதை அறுத்துக்கொண்டு போயிருக்கும், தபால் நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அம்மாவுக்குத் தனியாக எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

ஒரு நாள் மனசு கேட்காமல் உங்கள் நம்பருக்குப் போன் போட்டேன். நீங்கள் எடுத்து "யாரு?" என்றீர்கள். நான் பேசவில்லை, வைத்துவிட்டேன். குரல் தெளிவாக இருந்தது. வீட்டில் ஏதாவது என்றால் குரலில் தெரிந்திருக்கும் என்று தைரியம் வந்தது.

ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. திட்டியாவது எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி.

*

ஜூன் 3

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. போன் பண்ணியது நீதான் என்று தெரியும். மூச்சு விடுகிற சத்தத்திலேயே தெரிந்தது.

பார்சல் வந்தது. மாட்டியாகிவிட்டது. நல்ல வேலைப்பாடு. கைப்பிடிக்குத் துணி சுற்றித் தைத்திருக்கிறாயே, அது யாருக்காக? வலது 36½, இடது 36½. ஆள் இல்லாத வண்டியில் அளந்தது. ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்ல முடியும். பாதையும் சரி செய்ய வேண்டும். ஒரு மாதம் ஓடட்டும்.

அம்மாவுக்கு இப்போது மூச்சுத் திணறல் இல்லை. வலி என்று ஒன்றும் இல்லை. எத்தனை அடி என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். நீ அவளுக்கு எழுதியவை வந்தன, படித்துக் காட்டவில்லை, தூங்குகிறவளை எழுப்புவானேன்? ஜன்னலைச் சாத்திவிட்டேன். தூசி.

இப்படிக்கு,
அண்ணன்.

*

ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி வணக்கம். உங்கள் கடிதம் வந்ததும் பக்கத்து அறைக்காரரை எழுப்பி டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் நின்றுவிட்டது, ஜீப் முப்பத்தாறரை அடியில் திரும்புகிறது என்றேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை.

தூங்கட்டும். ஊசியும் மருந்தும் சேர்ந்தால் தூக்கம் வரும், அதுவே நல்லது என்று இங்கே கம்பெனி டாக்டரும் சொன்னார். ஜன்னலை மட்டும் சாயங்காலம் கொஞ்சம் திறந்து வையுங்கள் அண்ணா, பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

துணி சுற்றியது டிரைவருக்காக. காலையில் இரும்பு சில்லென்று இருக்கும்.

இங்கே வீங்கின பாதத்துக்கென்றே மெத்தென்ற செருப்பு விற்கிறார்கள், மேலே பட்டையைத் தளர்த்திக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஒரு ஜோடி வாங்கி வைக்க ஆசை. அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்புவீர்களா? நான் வரும்போது கொண்டுவருகிறேன். வரும்போது என்று எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்கிறபோது.

அன்புடன்,
தம்பி.

*

ஜூலை 10

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. சுகம்.

எட்டுப் பேர், பின்னால் ஆறு மூட்டை, ஒரே ஒடிப்பு. ஏறும்போதும் இறங்கும்போதும். இருபது நாளாகப் பார்த்துவிட்டேன், ஒரு நாளும் பின்னே வரவில்லை.

பாதத்தின் அளவு கேட்டாய். அவள் எழுந்து கால் வைக்கிற நிலையில் இல்லை. பழைய செருப்பைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கிறது.

நீ கேட்ட எழுத்து கீழே.

வா.

இப்படிக்கு,
அண்ணன்.

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி வணக்கம். நலம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை.

லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை கீழே பஸ்ஸில் வந்து இறங்குவேன். முடிந்தால் ஜீப்பை அனுப்புங்கள், இல்லாவிட்டால் நடந்து வருகிறேன். செருப்பு வாங்கிவிட்டேன். அளவுக் காகிதத்தைக் கடைக்காரர் கையில் கொடுத்தபோது, "உங்கம்மா காலு இவ்ளோ சின்னதா!" என்றார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அண்ணா, உங்களுக்கு என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை. நான் அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள். இனிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். ஜன்னல் வழியாக அவளே பார்க்கட்டும்.

அன்புடன்,
தம்பி.

*

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. பிரயாணம் சௌகரியமாக இருந்ததா? இதை டிரைவர் கையில் கொடுத்திருக்கிறேன். பஸ் நிற்கிற இடத்தில் கொடுக்க வேண்டாம், வண்டி ஏறி, கடைசி வளைவுக்கு முந்தின வளைவு தாண்டியதும் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். செருப்பு மடியில்தானே இருக்கிறது?

அம்மா போய் நான்கு மாதம் ஆகிறது. ஏப்ரல் இரண்டாம் தேதி, காலை பத்தரை மணிக்கு.

விடியும்போதே மூச்சு முட்டியது. ஜீப்பின் பின்னால் படுக்க வைத்து, தலையை என் மடியில் வாங்கிக்கொண்டேன். இறங்கும் வழியில் அந்த வளைவு. டிரைவர், "சார், யாராவது ஒருத்தர் பின்னாடி நின்னு சொல்லட்டும் சார், சீக்கிரம் தாண்டிடலாம்" என்றார். கூட வந்தவர்களில் இரண்டு பேர் இறங்கியே விட்டார்கள். கூடாது என்றேன். டிரைவர் தானே இறங்கினார், கல் வைத்தார், ஏறினார், மறுபடி இறங்கினார்.

அப்போதுதான் அம்மா பேசினாள். "பெரியவனே, அன்னிக்கு அவன் 'வா வா'ன்னது உன்னை இல்லடா. என்னை. நீங்க வர நேரமாச்சேன்னு சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டு குறுக்குப் பாதையில இறங்கினேன். கால் வழுக்கிடுச்சு. அவன் திரும்பிக் கையக் குடுத்து, 'வா, வா'ன்னான். நான் பிடிச்சுக்கிட்டேன். அதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு. 'யார்கிட்டயும் சொல்லாதம்மா, அண்ணன் உன்னை மன்னிக்க மாட்டாரு, என்மேலயே இருக்கட்டும்'னு அவன்தான் என் வாய அடைச்சான். நானும் பயந்துக்கிட்டு இருந்துட்டேன்டா."

உன் கண் எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால், நீ என்னை ஒரு நாளும் 'வா' என்றதில்லை. எனக்கு எப்போதும் 'வாங்க'தான். அம்மாவைத்தான் 'வா' என்பாய், 'போ' என்பாய், 'சும்மா இரு' என்பாய். ஆறு வருடம் உன்னை மரியாதை கெட்டவன் என்று திட்டினேனே தவிர, அது எனக்குச் சொன்ன சொல்லே இல்லை என்று ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே" என்றார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாராம். உன் பார்சல் மூன்று நாள் கழித்து வந்தது. 'இன்னும் ஆகாவிட்டாலும் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சின்னவன் எங்கே என்று கேட்டார்கள். சொல்லி அனுப்பினேன், வரவில்லை என்று சொல்லிவிட்டேன். டிரைவருக்கும் அதுதான் தெரியும். இந்த வண்டியில் உன்னிடம் அவர் சரியாகப் பேசியிருக்க மாட்டார், காரணம் அதுதான்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாய். கால் போன நாளிலிருந்து உன்மேல் இருந்த கோபத்தை ஊன்றிக்கொண்டுதான் தினமும் காலையில் எழுந்து உட்கார்ந்தேன். அம்மா போகிற போக்கில் அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்றால், உன்னைத் துரத்தியவன் நான், பெற்றவள் ஜன்னலிலேயே கண் பூத்துப்போக வைத்தவன் நான், வளைவில் கால் மணி நேரத்தைத் தின்றவனும் நான். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவனும் நானே. கேட்க மாட்டேன். உன்னை வெறுப்பது எனக்குப் பழகிவிட்டது. இந்த வயதில் புதிதாக ஒன்றைப் பழக என்னால் ஆகாது.

கடைசியாக அவள் சொன்னது, "அவன வரச் சொல்லு." சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு நீ சொன்ன 'வா' எனக்குச் சொன்னது இல்லை. ஆனாலும் நம்பி வந்தேன், பின்னால் தரை இல்லை. நான் எழுதிய 'வா' உனக்கே எழுதியது. நீயும் நம்பி வந்திருக்கிறாய்.

வீடு பூட்டியிருக்காது. கட்டில் ஜன்னல் ஓரத்திலேயே இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வதாக எழுதியிருந்தாய், உட்கார்ந்துகொள். என் அறைப் பக்கம் வர வேண்டாம்.

இதற்குள் வளைவு வந்திருக்கும். டிரைவர் வலது கைப்பிடியை இழுப்பார். பயப்படாதே, ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும்.

இப்படிக்கு,
அண்ணன்.